ஈயமும் மயிற்பீலியும்

யாழ்ப்பாணத்தில் இரவு ஒன்பது மணிக்குப் புறப்படும் கண்டி வண்டியில் நான் ஏறியபொழுது, என் தோளில் தொங்கிய நீண்ட துணிப்பையை மேலும் கீழுமாகப் பார்த்த நடத்துநர், அதற்குள் இருப்பது தூண்டிற்கோல் என்பதைத் தடவி அறிந்துகொண்டு, "கடல் இருக்கிற ஊரிலையிருந்து கடல் இல்லாத ஊருக்கோ ஐயா இதைக் கொண்டு போறியள்?" என்று வினவினார். அருகிலிருந்த பிரயாணிகள் இருவர் நகைத்தார்கள். குளத்து மீனும் மீன்தானே என்று ஏதோ ஒரு சமாதானம் சொல்லிவிட்டு ஆசனத்தில் அமர்ந்தேனாயினும், அவருடைய கேள்வி நியாயமானது என்பதை என் மனம் ஒப்புக்கொண்டது. ஏனெனில், நாற்பது ஆண்டுகளாக வடமராட்சிக் கரையில் நின்று உப்பு நீரிலே தூண்டில் எறிந்து பழகியவன், எந்தத் திசையில் நடந்தாலும் கடலைக் காண்பதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டிய, மாத்தளைப் பக்கத்து நாலந்தாவை நோக்கி மீன்பிடிக்கப் போவது, பனங்காட்டில் வாழ்பவன் கருப்பநீர் குடிக்க மலைநாட்டுக்குப் போவதைப் போன்ற காரியமன்றோ?

தொழிலால் நான் மீனவனல்லன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆயினும் சிறுவயதில் தாய்மாமன் என் கையில் ஒரு சுற்றுத் தங்கூசியையும் ஈயக்கட்டியையும் கொடுத்துத் தொண்டைமானாற்று முகத்துவாரத்திலே நிறுத்திய நாள்தொட்டு, சோழகம் வீசும் காலத்தில் எந்தப் பாறையடியில் விளைமீன் ஒதுங்கும், வாடை தொடங்கியபின் எந்தத் துறையில் பாரை வந்து மோதும் என்பவற்றையெல்லாம் ஓரளவு கற்றிருந்தேன். ஓராவின் முள் குத்தினால் இரவு முழுவதும் கை கடுக்கும் என்பதையும் அநுபவத்தால் அறிந்திருந்தேன். கடற்கரைத் தூண்டில் ஒருவகையில் பலத்தின் வித்தை. அலைக்கு அப்பால் இரையை எறிவதற்குக் கனமான ஈயம் வேண்டும். அந்த ஈயத்தைத் தாங்குவதற்குத் தடித்த நூல் வேண்டும். பாறையிலே சிக்கினால் இழுத்து அறுப்பதற்குத் தோள் வேண்டும். இவை மூன்றும் என்னிடம் இருந்தன. ஆகவே மீன்பிடிக்கும் சாஸ்திரம் முழுவதும் என்னிடம் இருக்கிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர் மாத்தளையில் வாழும் ஒரு பெரியவர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத் தேர் பார்க்கச் சென்றிருந்த ஓர் ஆண்டில், கூட்டத்திலே ஒதுங்கி நின்ற இடத்தில் அவரோடு சம்பாஷணை ஏற்பட்டது. பேச்சு தேரிலிருந்து மழைக்கும், மழையிலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து மீனுக்கும் வந்து சேர்ந்தது. நான் என் கடற் பிரதாபங்களைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், இறுதியில் மிக மெதுவாக, "எல்லாம் சரி தம்பி, ஒரு நாளைக்கு நம்ம பக்கம் வாங்க, சும்மா கெடக்கிற தண்ணியில ஒரு மீனைப் புடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்" என்றார். அந்த அழைப்பை ஏற்றுக்கொண்டு, பங்குனி மாதத்து முதல் வாரத்தில் இப்பிரயாணத்தை மேற்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தார் கண்டி வீதி என்று அழைக்கும் அந்தப் பெருஞ்சாலையில் நாலந்தா வரை சுமார் 270 கிலோமீற்றர். கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி என்று ஊர்கள் இருளில் கழிந்துகொண்டிருக்க, நிலவொளியில் இடையிடையே தகடு போலப் பளபளத்த குளங்களை மாத்திரம் சன்னலூடாக எண்ணிக்கொண்டு வந்தேன். அவ்வாறு எண்ணும்பொழுது ஓர் உண்மை மனத்தில் உறைத்தது. இந்த வறண்ட வலயத்திலே நாம் காணும் ஏரி போன்ற நீர்ப்பரப்புக்கள் ஏறக்குறைய யாவும் மனிதர் மண்ணை வெட்டிக் கட்டு எழுப்பித் தேக்கியவை. வன்னியிலே குளக்கட்டு, துருசு, வான், அலைகரை என்று ஒரு குளத்தின் ஒவ்வோர் அங்கத்துக்கும் தனித்தனிப் பெயர் வழங்குவதற்கு, அவ்வங்கம் ஒவ்வொன்றையும் ஒரு கை செய்தது என்பதே காரணம். கடல் தானே உண்டானது. அதன் முன்னே மனிதன் ஒரு விருந்தாளி. குளமோ மனிதன் கட்டிய வீடு. அவ்வீட்டிலே குடியிருக்கும் மீனைத் தேடிப் போகிறவனுக்கு வேறொரு மரியாதை வேண்டும் என்பதை நான் அப்பொழுது முழுவதும் உணர்ந்தேனில்லை.

தம்புள்ளையையும் நாவுலவையும் கடந்து நாலந்தாச் சந்தியில் நான் இறங்கியபொழுது விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கையில் ஒரு மின்சூளும் தலையில் ஒரு துவாலைக் கட்டுமாகப் பெரியவர் காத்திருந்தார். அவருடைய மகள் வீடு அண்மையில் இருந்தமையால் முதல் நாளே வந்து தங்கி, மீன்பிடிப்பதற்கு உரியவர்களிடம் அனுமதியும் கேட்டு வைத்திருந்தார். "வாங்க தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம், மீன் எங்கயும் போயிடாது" என்று அவர் சொன்ன முதல் வாக்கியமே எனக்கு விநோதமாகப் பட்டது, கடற்கரையில் வளர்ந்த எவனும் மீன் எங்கும் போய்விடாது என்று சொல்லமாட்டான்.

தேநீர் அருந்தியபின் அவர் என்னை நேரே நீர்க்கரைக்கு அழைத்துச் செல்லவில்லை. இந்த ஊருக்கு வருபவன் முதலில் பார்க்கவேண்டியது கெடிகே என்று சொல்லி, பெருஞ்சாலையிலிருந்து கிழக்கே பிரியும் சிறு பாதையிலே நடத்திச் சென்றார். பாதையின் முடிவில், மூன்று புறமும் நீர் சூழ்ந்த ஒரு மேட்டின்மீது, பனிப்படலத்தினூடே கருங்கல்லாலாகிய சிறு கோயில் ஒன்று மெல்ல மெல்ல உருப்பெற்றது. அர்த்த மண்டபமும் கருவறையும் குதிரைலாட வடிவமான கூடுகளும் கொண்டு, மாமல்லபுரத்தை நினைவூட்டும் பல்லவ சிற்ப முறையிலே எழுந்து, பௌத்தர்களின் வழிபாட்டுக்கும் இடமளித்த இக்கட்டடத்தை 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் கணிக்கின்றனர். கூடு ஒன்றினுள்ளே குபேரன் அமர்ந்திருக்கிறான். அடித்தளத்திலே பூதகணங்கள் சுமை தாங்குகின்றன. தமிழன் கோயில், சிங்களவன் விகாரை என்று பிரித்துப் பேசும் நாவுக்கு இங்கே வேலையில்லை. கல்லைச் செதுக்கிய கைகள் அந்தப் பிரிவினையை அறிந்திருக்கவில்லை என்று தோன்றிற்று.

ஆயினும் நான் பெரிதும் வியந்தது வேறொன்று. இக்கோயில் இப்பொழுது நிற்கும் இடம் இதன் பிறப்பிடமன்று. மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமையவிருந்தபொழுது, பூர்விக ஸ்தலம் நீரில் மூழ்கிவிடும் என்பதனால், 1975ஆம் ஆண்டிலே கட்டடத்தைக் கல் கல்லாகக் கழற்றி எடுத்து, 1980ஆம் ஆண்டளவில் இந்த மேட்டின்மீது மீண்டும் அடுக்கி நிறுத்தினார்கள். ஆயிரம் ஆண்டுகள் அசையாதிருந்த கருவறை, நீர் வருகிறது என்று கேள்விப்பட்டு எழுந்து நடந்து வந்து கரையேறி நிற்பதைப் போன்ற அக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபொழுது, பெரியவர் என் துணிப்பையைச் சுட்டி, "இங்க அதைத் தெறக்கக் கூடாது தம்பி. சாமி எல்லைக்குள்ள உசிரு எடுக்கிறதில்ல. நம்ம எடம் இன்னும் ஒரு மைலுக்கு அங்கால" என்றார். கோயிலின் எல்லை முடியும்வரை இருவரும் பேசாமலே நடந்தோம்.

நீர்த்தேக்கத்தின் ஒரு கை, காட்டுக்குள்ளே புகுந்து குறுகி முடியும் இடம் அது. நீரில் மூழ்கி இறந்துபோன மரங்களின் கிளைகளில் நீர்க்காகங்கள் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. அலை இல்லை, ஓசை இல்லை, காற்றும் இல்லை. நான் பையைத் திறந்து என் உபகரணங்களை வரிசையாகப் பரப்பினேன்: பன்னிரண்டடிக் கோல், அரை மில்லிமீற்றர் தடித்த தங்கூசி சுற்றிய பெரிய றீல், விரற்கடை அளவான தூண்டில்முட்கள், ஒவ்வொன்றும் 120 கிராம் நிறையுள்ள நான்கு ஈயக்கட்டிகள். பெரியவர் ஓர் ஈயக்கட்டியைக் கையில் எடுத்து நிறை பார்த்து, மேலும் கீழும் திருப்பி, "இது எதுக்குத் தம்பி, கத்திரிக்கா நிறுக்கவா?" என்று கேட்டார். ஆயினும் என்னைத் தடுக்கவில்லை. எறிந்து பார்க்கும்படி கையால் சைகை காட்டிவிட்டுச் சற்றுத் தூரத்தில் போய்க் குந்திக்கொண்டார்.

நான் எறிந்தேன். கடற்கரையில் பலர் பாராட்டிய எறிதல் அது. கட்டி வானிலே ஒரு பெரிய வில் வளைத்துச் சென்று, நடுத் தண்ணீரிலே பாறாங்கல் விழுந்தாற்போன்ற சத்தத்தோடு வீழ்ந்தது. நீர்க்காகங்கள் அத்தனையும் ஒருசேர எழுந்து பறந்தன. வட்ட வட்டமாக எழுந்த அலைகள் இரு கரைகளையும் தொட்டுத் திரும்பி வரும்வரை அந்த ஜலாசயம் முழுவதற்கும் நான் வந்த செய்தி அறிவிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பின்பு ஒரு மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. இரையை எடுத்துப் பார்த்தேன். கழுவி வைத்தாற்போல அப்படியே இருந்தது. அடியிலுள்ள மென்மையான சேற்றில் ஈயம் புதைந்து, இரையையும் தன்னோடு புதைத்துக்கொண்டது என்பதைப் பின்னரே அறிந்தேன். கடலின் அடி மணலும் பாறையும். குளத்தின் அடி, மூழ்கிய வயலும் காடும் மக்கி உண்டான சேறு. ஒரே ஈயம் ஓரிடத்தில் நங்கூரமாகவும் மற்றோரிடத்தில் சவக்குழியாகவும் ஆகிறது.

பெரியவர் எழுந்து வந்து, தம் மடியிலிருந்த சிறு கத்தியை எடுத்து, என் ஈயக்கட்டியின் ஓரத்தைச் சீவினார். சீவிய துண்டைக் கற்கண்டு உடைப்பதைப்போல நறுக்கி, மிளகளவான மணிகளாக்கினார். ஒவ்வொரு மணியையும் நடுவிலே பிளந்து நூலின்மீது வைத்துப் பல்லால் கடிக்கப் போனவரை, ஈயம் நஞ்சு என்று சொல்லி நான் தடுத்து, இடுக்கி கொடுத்தேன். "படிச்ச மனுசன் சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்த நாளில் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை.

அவருடைய தூண்டில் ஒரு மூங்கிற் கோல். றீல் இல்லை, கோலின் நுனியிலே கட்டிய நூல் கோலின் நீளத்துக்குச் சமமாக இருந்தது. நூலின் தடிப்பு என் நூலில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். முள்ளின் இலக்கம் 14. என்னுடையதோ நான்கின் அருகே சுழியம் இட்டு எழுதப்படும் இனம். கடல் முட்களில் எண் கூடக்கூட முள் பெரிதாவதும், சிறு முட்களில் எண் கூடக்கூட முள் சிறிதாவதும் கணித ஆசிரியனாகிய எனக்கே நகைப்பை விளைவித்தன. சுழியத்துக்கு இருபுறமும் விரியும் எண்கோட்டைப்போல, ஒருபுறம் கடலும் மறுபுறம் குளமும் நின்றன. தக்கையாக அவர் கட்டியிருந்தது மயிற்பீலியின் வெண்டண்டு. தம்புள்ளைப் பக்கத்துக் காடுகளில் மயில்கள் உதிர்க்கும் தோகையைப் பொறுக்கி, இழைகளைச் சீவிவிட்டுத் தண்டை நான்கு விரல் அளவில் வெட்டினால், அதற்கு ஒப்பான தக்கை கடையில் கிடையாது என்றார். இங்கிலாந்திலே குளத்து மீன் பிடிப்போரும் நெடுங்காலமாக மயிற்பீலித் தண்டையே விரும்பிக் கையாண்டு வந்திருக்கின்றனர் என்று நான் எங்கோ படித்திருந்ததை அவரிடம் சொன்னேன். "மயில் அங்க ஏது?" என்று அவர் கேட்டதற்கு, நம் தேசங்களிலிருந்து போனவைதாம் என்றேன்.

முதல் பாடம் ஆழம் பார்ப்பது. முள்ளிலே ஓர் ஈயத்துண்டைக் குத்தித் தண்ணீரில் இறக்கி, தக்கை மூழ்கினால் அதனை மேலே நகர்த்தியும், படுத்தால் கீழே நகர்த்தியும், நுனி மாத்திரம் வெளியே தெரியும் அளவுக்குக் கொண்டுவரவேண்டும். அப்பொழுது நூலின் நீளமே அவ்விடத்தின் ஆழம். பின்பு ஓர் அங்குலம் குறைத்தால் இரை சேற்றைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இரண்டாம் பாடம் விருந்து வைப்பது. பாணையும் தவிட்டையும் பிசைந்து கோலிக்குண்டளவான உருண்டைகளாக்கி, தக்கை நிற்கப்போகும் இடத்திலே ஒவ்வொன்றாக, ஓசைப்படாமல் நழுவவிட வேண்டும். மீனுக்குப் பசி தீரும் அளவுக்கன்றி, நாவு ஊறும் அளவுக்கு. மூன்றாம் பாடம் மறைந்திருப்பது. கரையோரத்தில் நிமிர்ந்து நிற்பவனுடைய நிழல் நீரிலே விழுந்தாலும், பாதம் நிலத்திலே அதிர்ந்தாலும் போதும், மீன் அறிந்துகொள்ளும். கடலிலே அலையின் இரைச்சல் நம் குற்றங்களையெல்லாம் மறைத்துவிடுகிறது. குளத்திலே நிசப்தம் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது.

அவர் தந்த இரண்டாவது கோலை வாங்கிக்கொண்டு, மண்புழு ஒன்றைக் கோத்து, பீலித்தண்டின் செந்நிற நுனியைப் பார்த்தபடி குந்தியிருந்தேன். சற்றைக்கெல்லாம் நீரடியிலிருந்து பொடிப்பொடியான குமிழிகள் எழுந்தன. மேயும் மீன் சேற்றைக் கிளறுகிறது என்று பெரியவர் கண்ணால் உணர்த்தினார். தக்கை ஒருமுறை நடுங்கிற்று. பின் ஒருபுறம் சாய்ந்து மெல்ல நகர்ந்தது. நாற்பது ஆண்டுப் பழக்கம் என் தோளில் விழித்துக்கொண்டது. பாரையை இழுப்பதுபோலக் கோலைத் தூக்கி வீசி இழுத்தேன். நூல் மேலே எழும்பி, என் தலைக்குப் பின்னால் நின்ற மரக்கிளையில் சுற்றிக்கொண்டது. முள்ளிலே மீனின் உதட்டுத் துணுக்கு ஒன்று மாத்திரம் ஒட்டியிருந்தது. "இழுக்காதீங்க தம்பி, தூக்குங்க. கொழந்தை கையில இருந்து கத்திய வாங்குற மாதிரி" என்றார் பெரியவர். அவ்வுவமையைக் கேட்டபின் எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த முறை மணிக்கட்டை மாத்திரம் அசைத்தேன். உள்ளங்கை அகலமான கெண்டை ஒன்று வெள்ளிக் காசுபோலத் துடித்துக்கொண்டு மேலே வந்தது. நான் கடலில் பிடித்த பெரிய மீன்களுள் எதுவும் எனக்கு அத்தகைய கூச்சங்கலந்த சந்தோஷத்தை அளித்ததில்லை.

கெண்டைக்குப்பின் வந்தவை திலாப்பியாக்கள். இவற்றின் கதை தனி. ஆபிரிக்காவிலே பிறந்த இவ்வினம், 1952ஆம் ஆண்டளவில் இலங்கைக் குளங்களிலே விடப்பட்டது. ஆற்று மீன்களே வாழ்ந்துவந்த நம் குளங்களில், தேங்கிய நீரை முழுவதும் தன் வீடாகக் கொள்ளக்கூடிய மீன் போதாதிருந்தமையால், வந்தேறி இவ்விடத்தை விரைந்து நிரப்பிற்று. 1975இல் நைல் நதித் திலாப்பியாவும் வந்து சேர்ந்தது. இன்று குளத்து மீன் என்று சந்தையில் விலைபோவதில் பெரும்பகுதி இவ்வினங்களே. ஆண் மீன் ஆழங்குறைந்த கரையோரத்தில் வட்டமான குழி தோண்டி வைக்கிறது. பெண் மீன் தன் முட்டைகளை வாயினுள்ளே வைத்து அடைகாக்கிறது. தெளிந்த நீரினூடே பெரியவர் எனக்கு அக்குழிகளைக் காட்டியபொழுது, அரிவி வெட்டிய வயலிலே வட்ட வட்டமாகக் களங்கள் இருப்பதுபோல் அவை தோன்றின.

வெயில் ஏறியபின் மர நிழலில் அமர்ந்து சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். ஆங்கிலேயர் தம் நாட்டு நன்னீர் மீன்களுள் சாமனையும் டிரவுட்டையும் மேன்மக்களாகவும், ஏனையவற்றையெல்லாம் முரட்டு மீன் என்னும் பொருள்படும் ஒரு பெயரால் ஒதுக்கியும் வைத்தார்கள் என்பதை நான் அவரிடம் சொன்னேன். ஐசக் வால்ட்டன் என்பவர் 1653இல் தூண்டிற் கலையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலிலே கெண்டை இன மீன்களுக்கும் மரியாதையான இடம் கொடுத்திருக்கிறார். ஆயினும் இலங்கைக்கு வந்த தோட்டத் துரைமார் இங்குள்ள ஆயிரக்கணக்கான குளங்களை ஏறெடுத்தும் பாராமல், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே டிரவுட் முட்டைகளைக் கப்பலில் வருவித்து நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளிலே பொரிக்கவைத்தார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பெரியவர், சோற்றைப் பிசைந்தபடி, "அப்ப மீனுக்குள்ளயும் சாதி வச்சிருக்காங்கன்னு சொல்லுங்க" என்றார். அதற்குமேல் அவ்விஷயத்தில் சொல்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை.

நாங்கள் உண்டுகொண்டிருக்கையில், பக்கத்தில் மிதவை பூட்டிய கண்ணாடியிழை வள்ளம் ஒன்றிலே சிங்கள மீனவர் ஒருவர் தம் வலைகளைப் பார்த்துக்கொண்டு வந்து கரையிலே ஒதுங்கினார். பெரியவரும் அவரும் நெடுநாட் சிநேகிதர். வலைக்கண் எட்டரைச் சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்ற விதியைப் பற்றியும், தம்புள்ளையிலிருந்து கொண்டுவந்து விடும் மீன்குஞ்சுகளைப் பற்றியும் சிங்களத்திலே பேசிக்கொண்டார்கள். பெரியவர் எனக்கு மொழிபெயர்த்தார். உயிர்க்கொலை பாவம் என்னும் கொள்கையை முன்னிட்டு 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கிய காலத்தையும் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். அந்த நான்கு ஆண்டுகளிலே குளங்களில் குஞ்சு விடுவார் இல்லை. குடும்பங்களோ எப்பொழுதும்போலப் பசித்திருந்தன. போயா தினத்தில் தாம் வலை எடுப்பதில்லை என்று அம்மீனவர் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் தாம் தூண்டில் தொடுவதில்லை என்று பெரியவர் சொன்னார். பாவத்தை முற்றும் விலக்க இயலாதவர்கள் அதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளும் இந்தப் பண்பு இருவருக்கும் பொதுவாக இருந்தது.

பிற்பகலிலே கரையோரப் புற்களுக்கிடையே, நீரின் மேற்பரப்பில் செங்குங்குமத்தைத் தூவினாற்போல ஒரு கூட்டம் அசைவதைக் கண்டேன். விரால் குஞ்சுகள். அவற்றின் கீழே கரிய நிழலொன்று காவல் செய்துகொண்டிருந்தது. என் கோலில் தவளை போன்ற இரை ஒன்றை அவ்விடத்தில் தட்டினால் காவல் நிற்கும் மீன் சீறிக்கொண்டு வந்து கவ்வும் என்பது எனக்கும் தெரியும். கை தானாகவே நீண்டது. பெரியவர் ஒன்றும் பேசாமல் தம் மூங்கிற் கோலை என் கோலின்மீது குறுக்கே வைத்தார். "அது பசியில கடிக்காது தம்பி, புள்ளைக்காகக் கடிக்கும். அதைப் புடிச்சா நாளைக்கு இந்தக் குஞ்சு ஒண்ணும் மிஞ்சாது" என்றார். ஆங்கில நாட்டில் ஆற்று மீன்களை முட்டையிடும் பருவத்திலே சட்டத்தால் காக்கிறார்கள். இங்கே ஒரு மூங்கிற் கோல் அச்சட்டத்தைச் செய்தது.

அன்று மாலை, அவர் எங்கிருந்து இக்கலையைக் கற்றார் என்று கேட்டேன். தம் தகப்பனாரிடம் என்றார். தகப்பனார் தம் தகப்பனாரிடம். அந்த மூதாதையர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஏரிக்கரையிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்களாம். இன்று நான் பேருந்திலே சுகமாக அமர்ந்து வந்த இதே வழியின் ஒரு பகுதியில், 19ஆம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கிய ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர், காட்டினூடாகத் தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை நோக்கிக் கால்நடையாக வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களை வீழ்த்தின. "எங்க பாட்டன் கொண்டாந்தது ஒரு சொம்பும் ஒரு தூண்டி முள்ளுந்தான்னு அப்பா சொல்லுவாரு. சோறு கெடைக்காத அன்னிக்கு ஓடையில மீன் கெடைக்கும்ல" என்று பெரியவர் சொல்லிவிட்டு நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொழுதுபோக்காக இருந்த ஒரு கருவி, அந்தக் குடும்பத்துக்கு உயிரோடு கொண்டுவந்த ஆஸ்தி.

அப்பொழுதுதான் காலையிலிருந்து தனித்தனியே கண்டவையெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தன. கல் வேறிடத்திலிருந்து வந்து நிற்கிறது. மீன் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. பெரியவரின் மூதாதையர் கடல் தாண்டி வந்தார்கள். தண்ணீருங்கூட வரவழைக்கப்பட்டதே: பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, 1976 முதல் ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக உக்குவளைக்கு அனுப்பிய நீர், சுது கங்கை வழியாக இத்தேக்கத்தை அடைகிறது, இங்கிருந்து ஒரு பகுதி மீண்டும் மலையைத் துளைத்துக்கொண்டு, தாதுசேனன் கட்டிய கலாவாவியை நோக்கிச் செல்கிறது, எஞ்சியது அம்பன் கங்கையாகி எலஹரையைத் தாண்டி மகாவலியோடு கூடிக் கொட்டியாரக் குடாவிலே கடலில் விழுகிறது. நட்டநடு நாட்டில் கடலில்லை என்று பரிகசித்த நடத்துநருக்கு நான் சொல்லத் தவறிய விடை இதுவே. இந்தத் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியிலே சற்று இளைப்பாறிக்கொண்டிருக்கிறது.

இதனை மனிதருக்கு முன்னரே அறிந்த மீன் ஒன்று உண்டு. விலாங்கு ஆழ்கடலிலே பிறந்து, ஊசியளவான குஞ்சாக ஆற்று முகத்திலே புகுந்து, மேல்நாடு ஏறி, பல ஆண்டுகள் நன்னீரிலே வளர்ந்து, முட்டையிடும் பருவம் வந்ததும் மீண்டும் கடலுக்கே இறங்கிப் போகிறது, போனது திரும்புவதில்லை. அணைகள் எழுந்தபின் விலாங்கு குறைந்துவிட்டது என்று பெரியவர் வருந்தினார். அந்தியிலே இடி முழங்கி மழை தொடங்கிய சமயத்தில் அவருடைய கோல் வளைந்தது; ஒரு கணம் பாம்புபோன்ற கரிய உடல் நீர்மேல் புரண்டது; நூல் அறுந்தது. அது விலாங்குதானா என்று நான் ஆவலோடு கேட்டேன். "என்னமோ, ஊருக்குப் போற அவசரத்துல இருக்கு, போகட்டும்" என்று சொல்லி, அறுந்த நூலைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை விடைபெறும்பொழுது அவர் எனக்கு இரண்டு பீலித்தக்கைகளைக் கடுதாசியில் சுற்றிக் கொடுத்தார். என் நான்கு ஈயக்கட்டிகளுள் ஒன்று, அவருடைய கத்தியால் பாதிக்குமேல் சீவப்பட்டு, கடித்த மாங்காய்போலக் கோணி இருந்தது. அதை எறிந்துவிட மனமில்லாமல் கொண்டுவந்தேன்.

ஊர் திரும்பிய மறுவாரம், தொண்டைமானாற்று முகத்துவாரத்தில் அந்தக் கோணல் ஈயத்தையே நூலில் கட்டினேன். அது முன்போல் தூரம் போகவில்லை. அடியிலே ஊன்றி நிற்கவுமில்லை. நீரோட்டம் இழுத்த இழுப்புக்கு மணல்மீது மெல்ல உருண்டுகொண்டே சென்று, நாற்பது ஆண்டுகளாக என் கனத்த ஈயம் ஒருநாளும் நின்றிராத ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தது. நூலை விரலிடையே பிடித்து, மூச்சையடக்கிக் காத்திருந்தேன். விரலிலே மெல்லிய நடுக்கமொன்று தெரிந்தது. நான் இழுக்கவில்லை, தூக்கினேன்.